ஆரத்தித் தட்டில் ஒரு ரசாயனப் பாடம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது இது. ஒட்டடை அடித்து, அலமாரி துடைத்து, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுக் கடைசியாகக் குளியலறைக்கு வந்தேன். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மூலையில் இருந்த பழுப்புக் கறை அசைந்து கொடுக்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் பலமாகவே போடுவோமே' என்று, பவுடர் கிடந்த இடத்திலேயே ஆசிட் பாட்டிலைச் சாய்த்தேன்.

அவ்வளவுதான்! புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு ஒரு நெடி கிளம்பியது பாருங்கள், கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடித்து, மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. எப்படிக் கொல்லைப்புறம் ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இருமு இருமென்று இருமினேன். என் மாமியார் பதறிப்போய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

"குளியலறைக் கதவு திறந்திருந்ததால பிழைச்சீங்க. அந்த ரெண்டையும் சேர்த்தா குளோரின் வாயு வரும்னு நீங்க படிச்சதில்லையாம்மா?" என்றார் டாக்டர்.

படித்திருப்பேன். பத்தாவதில் ரசாயனத்தில் நல்ல மார்க்கும் வாங்கினவள்தான் நான். ஆனால் நான் படித்த பள்ளியில் சோதனைச்சாலைக் கதவில் எப்போதும் ஒரு பூட்டுத் தொங்கும். பரீட்சை முடிந்த மறுநாளே படித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அதுகூடப் பெரிய விஷயமில்லை. ராத்திரி, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் கேட்டேன். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 92 வாங்கியிருந்தாள் அவள்.

"ஏண்டி, பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே! கால்சியம் ஆக்ஸி குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட சேர்ந்தா கால்சியம் குளோரைடு, தண்ணி, குளோரின்" என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

"அப்புறம் ஏன் சொல்லலை? நான் பவுடர் தூவறப்போ வாசல்படியிலதானே நின்னுகிட்டு இருந்தே!"

"நீ தூவினது பிளீச்சிங் பவுடர்ம்மா. பாடத்துல வர்றது கால்சியம் ஆக்ஸி குளோரைடு..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணவே இல்லைம்மா."

அவளைத் தேற்றிவிட்டுப் படுத்தேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அவள் பள்ளியில் சோதனைச்சாலை இருக்கிறது, ஆசிரியையும் நல்லவர். ஆனால் வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், மேஜை ஒன்று. "டீச்சர் செஞ்சு காட்டுவாங்கம்மா. பின்னாடி நின்னா அவங்க முதுகுதான் தெரியும்" என்பாள். 'கெமிஸ்ட்ரியே எனக்குப் பிடிக்கலை. பதினொண்ணாவதுல காமர்ஸ் எடுத்துக்கறேன்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். காமர்ஸ் எடுத்தால் எடுக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கையால் தொட்டே பார்க்காத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் எப்படி? பாகற்காயைக்கூட ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தானே வேண்டாம் என்கிறோம்!

என்னவர் கடைக்குப் போய், ரசாயனச் சோதனைப் பெட்டி என்று விற்கிறதே, அதை விலை கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டார். "நீயே ஏதாவது பண்ணு" என்றார். ஆக, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் எங்கள் 'லாப்' திறப்பு விழா நடந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும்

எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. என் மாமியார் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுண்ணாம்பு டப்பியைப் பார்த்ததும்தான் எனக்குப் பளிச்சென்றது.

"அத்தை, ஆரத்தித் தண்ணி ஏன் சிவக்குது?"

"இது என்ன கேள்வி? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்காம வெளுக்கவா செய்யும்?"

ஒரு கிண்ணத்தில் மஞ்சள் பொடியைக் கரைத்து, மிளகளவு சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினேன். ரத்தச் சிவப்பு! மகள் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுண்ணாம்பு காரம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும். "மஞ்சள் ஒரு நிறங்காட்டின்னு புக்குல இருக்கும்மா. அது இதுதானா!" என்றாள். சும்மா இருப்பாளா? எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். சிவப்பு கலைந்து மறுபடி மஞ்சள்! என் மாமியார், "ஐயையோ, ஆரத்தியை அழிச்சுட்டியேடி!" என்று கத்தினாரே தவிர, அடுத்த சிட்டிகைச் சுண்ணாம்பைப் போட்டு அதை மறுபடி சிவக்க வைத்தது அவர்தான்.

காரத்தை அமிலம் தணிக்கிறது, அமிலத்தைக் காரம் தணிக்கிறது. நடுநிலையாக்கல் என்று இதைத்தான் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால், சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகிப் பயமுறுத்தும். நல்ல தண்ணீரில் அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். அதுவும் இதே சங்கதிதான்.

ஆனால் மஞ்சளில் ஒரு குறை உண்டு. அதை மகளே கண்டுபிடித்தாள். எலுமிச்சைச் சாற்றிலும் மஞ்சள் நிறம், வெறும் தண்ணீரிலும் மஞ்சள் நிறம்! காரத்தைக் காட்டிக்கொடுக்குமே ஒழிய, அமிலத்தைக் காட்டாது. அதற்குச் செம்பருத்திதான் சரி. சிவப்புச் செம்பருத்தி ஐந்தாறு பூவின் இதழ்களைக் கிழித்துப் போட்டு, ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து வடிகட்டினோம். இந்தச் சாறு அமிலத்தில் நல்ல சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். சங்குப்பூவிலும் செய்யலாம். நீலச் சாறு அமிலத்தில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும். இது நம் ஊர்க் கைவைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட் பாயில் 1664-ல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலெட் பூவின் பாகைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் முறையைச் சொல்லியிருக்கிறார். லிட்மஸ் தாள்கூடக் கல்லில் ஒட்டி வளரும் லைக்கன் என்ற பாசியிலிருந்து எடுத்த சாயம்தான்!

சோதனைக் குழாய்க்கு என்ன செய்வது? குழாயே வேண்டாம். மாமியாருடைய பிரஷர் மாத்திரை தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற அட்டை இருக்கிறதல்லவா, அதில் குழி குழியாகப் பத்துக் கிண்ணங்கள்! பின்பக்கத் தகட்டைக் கிழித்துவிட்டு, நன்றாகக் கழுவிக் காய வைத்து, ஒவ்வொரு குழியிலும் செம்பருத்திச் சாறு மூன்று சொட்டு விட்டோம். ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் சமையல் சோடா கரைசல், ஒன்றில் துணி சோப்பு, ஒன்றில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் என்று ஒரு சொட்டுச் சேர்க்க வேண்டியதுதான். சிவப்பில் ஆரம்பித்துப் பச்சையில் முடிகிற வரிசை, வளையல் கடை போல இருந்தது. எங்கள் போர் தண்ணீர் லேசாகப் பச்சைப் பக்கம் சாய்ந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மோரும் ரசமும் எங்களை ஏமாற்றின. மோரின் வெள்ளையும் ரசத்தின் சொந்த நிறமும் மறைத்துவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்றே நோட்டில் எழுதச் சொன்னேன். பள்ளி நோட்டில் அப்படி எழுத விடுவார்களா என்ன!

சொட்டுக் கணக்கில் செய்வதால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. பெரிய கல்லூரிகளிலேயே இப்போது இப்படிச் சிறு அளவில் செய்யும் முறையைக் கையாளுகிறார்கள்.

ஊதினால் பாலாகும் தண்ணீர்

அடுத்த வாரம் சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு பாக்களவு எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் குலுக்கி, மூடி ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்திருப்பதை அலுங்காமல் இறுத்துக்கொண்டால் போதும். கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். அதில் ஸ்ட்ராவை விட்டு மெதுவாக ஊதினால், கொஞ்ச நேரத்தில் பால் போல வெளுத்துவிடும். நம் மூச்சில் வரும் கரியமில வாயு, கரைந்திருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. அதனால்தான் அந்த வெண்மை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் நாளாக ஆக இறுகுவதும் இதே காரியம்தான், காற்றிலிருக்கும் கரியமில வாயுவால்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆறாவது படிக்கிற என் சின்னவன் இளநீர் என்று நினைத்தானோ என்னவோ, உறிஞ்சப் போய்விட்டான்! கையைத் தட்டிவிட்டேன். சுண்ணாம்புத் தண்ணீர் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். ஸ்ட்ராவின் மேல்பகுதியில், தண்ணீருக்கு நன்றாக மேலே இருக்கும்படி, ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால், உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், ஊதுவதற்குத் தடையில்லை. கண்ணுக்கு என் பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

பெரும்பாலும் எல்லோரும் பாலானதோடு நிறுத்திவிடுவார்கள். என் மகள் நிறுத்தவில்லை. கன்னம் வலிக்க வலிக்க ஊதிக்கொண்டே இருந்தாள். பார்த்தால், பால் மெல்ல மெல்லத் தெளிய ஆரம்பித்தது! "கெட்டுப் போச்சும்மா" என்றாள் முதலில். பிறகு புத்தகத்தைப் புரட்டினாள். கரியமில வாயு அதிகமாகப் போனால், கார்பனேட் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிடுமாம். சரி, அதைச் சூடாக்கினால்? எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அடுப்பில் வைத்தோம். கொதிக்கக் கொதிக்க மறுபடி வெண்மை படிந்தது.

எனக்கு அந்த நிமிஷம் எங்கள் வெந்நீர்ப் பானை ஞாபகம் வந்தது. அடியில் கல்லாட்டம் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் பத்து! எத்தனை வருஷமாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! தண்ணீரில் கரைந்து வந்த பைகார்பனேட் சூட்டில் கார்பனேட்டாகி அடியில் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியானால் அமிலம் போட்டால் கரைய வேண்டுமே! பிழிந்த எலுமிச்சை மூடி ஏழெட்டைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து இறக்கினேன். குமிழ் குமிழாகக் கிளம்பி, பத்து இளகிவிட்டது. இரண்டு தரம் செய்ததில் பானை பளபளத்தது. (எவர்சில்வருக்கு மட்டும்தான் இது; அலுமினியத்தைப் புளிப்பு அரித்துவிடும்.) மகளுக்கு மார்க் வருகிறதோ இல்லையோ, எனக்கு ஒரு பானை கிடைத்தது!

இட்லி மாவையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. அரைத்த மாவைப் பாட்டிலில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, வாயில் ஒரு பலூனை மாட்டிவிட்டுப் படுத்தோம். மூடி போட்டு இறுக்கக்கூடாது. வாயு சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும். காலையில் பலூன் தலைதூக்கி நின்றது. அந்தக் காற்றை மீன் தொட்டிக்குப் போடும் டியூப் வழியாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டால், அதுவும் பால்! மாவு பொங்குவது நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவால்தான். "இன்னிக்கு இட்லி உண்டா, இல்லை அதுவும் பரிசோதனைக்குத்தானா?" என்று கேட்டார் என்னவர்.

அயோடின் சொட்டு

புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடினைத் தண்ணீர் விட்டு வெளிறச் செய்து, ஒரு சொட்டு வடிகஞ்சியில் விட்டால் கருநீலம். உருளைக்கிழங்கிலும் அப்படியே; வெள்ளரிக்காயில் இல்லை. மாவுச்சத்துக்கு அதுதான் அடையாளம். பாலில் மாவு கலந்திருக்கிறார்களா என்பதையும், பாலைத் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டு, அயோடினால் இப்படித்தான் பார்க்கிறார்கள். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், வீட்டிலேயே செய்யும் கலப்படச் சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அதில் இதுவும் இருக்கிறது.

நீலமான கஞ்சியில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மறையும், வைட்டமின் சி-யின் வேலை அது. நெல்லிக்காய்ச் சாறு அதைவிடக் குறைந்த சொட்டிலேயே மறைய வைத்தது. அன்றிலிருந்து என் பிள்ளைகள் நெல்லிக்காயை மறுப்பதில்லை. ஒன்று, அயோடின் பட்டதை ஆடு மாட்டுக்குக்கூடப் போடாமல் கொட்டிவிட வேண்டும்.

எங்கள் வீட்டுச் சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். லாபுக்கு எடுத்த டம்ளரும் ஸ்பூனும் திரும்பச் சமையலுக்கு வராது; சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன். எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பெயின்ட்டுக் கடைச் சாமான்கள், இவை தாழ்வாரத்துக்கு வரவே கூடாது. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் செம்பு படியுமே, அதைச் செய்தே ஆக வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள். அது விஷம், சின்னவன் இருக்கிற வீடு. "அதை ஸ்கூல்லயே பாரு. டீச்சரைக் கேட்டு முன்வரிசையில நில்லு" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கேட்டாளாம், டீச்சரும் நிற்க வைத்தாராம்.

கடையில் நாங்கள் வாங்கியது டியூப் ஒரு மீட்டர், பலூன், அயோடின் புட்டி. 100 ரூபாய் கொடுத்துச் சில்லறை வாங்கினோம். மற்றதெல்லாம் வீட்டில் இருந்ததுதான்.

பாத்திரம் கழுவிய ஒரு பெண்

நூலகத்திலிருந்து ஒரு நாள் மகள் ஒரு கதையோடு வந்தாள். ஆக்னஸ் போக்கல்ஸ் என்று ஜெர்மனியில் ஒரு பெண், 1862-ல் பிறந்தவர். பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. நோய்வாய்ப்பட்ட பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். எண்ணெய்ப் பசையும் சோப்பும் பட்டால் தண்ணீரின் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்பது அவரை விடவில்லை. ஒரு தகரத் தொட்டியும், அதன் மேல் நகர்த்த ஒரு தகடும், ஒரு சட்டைப் பொத்தானும், தராசும் வைத்துக்கொண்டு பத்து வருஷம் அளந்து அளந்து குறித்து வைத்தார். இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு 1891 ஜனவரியில் அதையெல்லாம் கடிதமாக எழுதினார். அவரோ, 'நேச்சர்' இதழுக்கு அதை அனுப்பி வைத்தார், மார்ச்சில் அச்சாகிவிட்டது! பிற்காலத்தில் லாங்மியூர் என்ற விஞ்ஞானி பயன்படுத்திய தொட்டி அந்தப் பெண்மணி வழியில் வந்ததுதான். 1932-ல் லாங்மியூருக்கு நோபல் பரிசு. அதே வருஷம் போக்கல்ஸ் அம்மையாருக்கு, அவர் ஊரான பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எழுபது.

கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். மகள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுப் பொடியைத் தூவி, விரலில் சோப்பைத் தொட்டு நடுவில் வைத்தாள். மிளகெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. "தெனம் பாத்திரம் தேய்க்கிறேன், ஒரு நாளாவது இதைப் பார்த்தேனா!" என்றார் என் மாமியார். நானும்தான் பார்க்கவில்லை.

மகள் பதினொன்றாவதில் என்ன எடுத்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? காமர்ஸ்தான் எடுத்தாள்! பத்தாவதில் செய்முறைத் தேர்வு முடிந்து சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஆசிரியையும், "சயன்ஸ் குரூப் எடேன்" என்று சொல்லிப் பார்த்தார். "கெமிஸ்ட்ரி பிடிக்காம இல்லைம்மா, கணக்கு வழக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். சரியென்றேன். ஞாயிற்றுக்கிழமை லாபை இப்போது சின்னவனுக்காக அவள்தான் நடத்துகிறாள். மாத்திரை அட்டை சேர்த்து வைப்பது பாட்டியின் பொறுப்பு.

பிளீச்சிங் பவுடர் டப்பா குளியலறைக்கு வெளியே மேல் அலமாரியில் இருக்கிறது. ஆசிட் பாட்டில் அங்கே இல்லை, கொல்லைப்புற மாடத்தில். டப்பாவின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'கால்சியம் ஆக்ஸி குளோரைடு என்கிற பிளீச்சிங் பவுடர். ஆசிட்டோடு சேர்க்கக் கூடாது. அம்மா கவனிக்கவும்.'